நாளைக்கு

கட்டிங் வேஸ்ட் மூட்டை ஒன்று
தானாக அசைந்தது.
எலி என்று கத்தினாள் ரேணுகா.
காதர் மாஸ்டர் கத்திரியோடு போய்
மூட்டை வாயைப் பிரித்தால்
மஞ்சள் ரிப் துணிக்கு நடுவில்
ஒரு கொட்டாவி.

பொட்டைக்குட்டி.
செம்மண் நிறம், ஒரு காது மட்டும் கறுப்பு,
பாக்கெட்டை வேறு கலரில் வைத்துத் தைத்த மாதிரி.

"பொட்டையாச்சே" என்றார் முதலாளி சென்னியப்பன்.
"வருசம் ஆறு பீஸு புரொடக்சன் வந்துருமுங்க."
நம்ம லைனுக்கு அது தேவலை என்று
யாரோ முணுமுணுத்தது
பவர் டேபிள் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.

பதினோரு மணி டீக்குப் பேர் வைக்க உட்கார்ந்தோம்.

லைக்ரா என்றார் மாஸ்டர்.
அது முன்னங்காலை நீட்டி முதுகை இழுத்து விட்டதைக் காட்டி,
"நாலு பக்கமும் இழுவுது பாருங்க,
உட்டாப் பழைய அளவுக்கே வந்துருது."
பொருத்தமான பேர்தான்.
ஆனால் அந்தத் துணியின் கிலோ விலை நினைவு வந்தால்
முதலாளிக்கு நெஞ்சடைக்கும்.

அயர்ன் அடிக்கிற துளசிமணி
அது தும்முவதைப் பார்த்து ஸ்டீம் என்றான்.
ரேணுகாவுக்குப் பிசிறு.
செக்கிங் மேசையில் நாள் முழுக்க
அந்த வார்த்தையை வைத்துத்தான் எங்களைத் திட்டுகிறாள்.
"ஒருக்காலாச்சும் கொஞ்சிச் சொல்லிப் பாக்கறனே."

ஒடிசாக்காரப் பையன் பிகாஷ்
வெட்கத்தோடு சொன்னான்: குனி.
அவன் ஊரில் சின்னப் பெண்ணைக்
கொஞ்சிக் கூப்பிடுவது அப்படியாம்.
தங்கச்சிக்கும் அதுதானாம்.
"ஏன்டா, நீ குனின்னு கூப்புட்டா
நாங்கெல்லாம் குனியோணுமா?"
விளக்கியதும் அவனும் சிரித்தான்,
கொஞ்சம் தாமதமாக.

நான் அம்மிணி என்றேன்.
மாஸ்டர் வாயில் விரல் வைத்தார்.
முதலாளியின் மாமியார் பேர் அது.
கம்பெனி இடம் அந்தம்மா பேரில்.

மணி அடித்துவிட்டது.
"செரி உடுங்க, நாளைக்கு வெச்சுக்கலாம்."

மறுநாளும் அதேதான்.
சாம்பிள் அவசரம்,
நூல் கலர் மாறிப்போச்சு.
பேரா? நாளைக்கு.
பன்னைப் பிட்டு நீட்டிக்கொண்டே நாளைக்கு.
தண்ணிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துக்கொண்டே நாளைக்கு.

நாங்கள் பேசிக்கொண்டே இருந்தோம்.
அவள் வைத்துக்கொண்டாள்.

அது தெரிந்தது ஒரு சனிக்கிழமை.
திருப்பூர் முழுக்கச் சம்பள நாள்.
எட்டு மணிக்கு வரிசையில் நின்றோம்.
முதலாளி டிராயரைத் திறந்தார், மூடினார்.
"பார்ட்டிகிட்ட இருந்து பேமெண்ட் வரலீங்க.
சம்பளம் நாளைக்கு."

கடைசி மிஷினுக்கு அடியிலிருந்து
விழுந்தடித்து ஓடிவந்து
அவர் செருப்பின்மேல் உட்கார்ந்து
நிமிர்ந்து பார்த்து வாலாட்டினாள்.

"வந்துருச்சுங்க" என்றாள் ரேணுகா,
"எண்ணிக் குடுங்க."

அதற்கப்புறம் அவர்
திங்கக்கிழமை என்றுதான் சொல்கிறார்.

கருத்தடைக்கு மாநகராட்சி வண்டி வந்தபோது
சீட்டு எழுதுகிறவர் பேர் கேட்டார்.
நாளைக்கு என்றான் பிகாஷ்.
"ஏன், இன்னைக்குச் சொல்ல மாட்டியா?"
"நாளைக்குத்தான் சார்."
அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.
பெயர், நாளைக்கு. பாலினம், பெண்.
எழுதிவிட்டு அதை ஒருமுறை வாசித்துப் பார்த்தார்.
எப்போது வந்து கூட்டிப் போவது என்றேன்.
"நாலு நாள் ஆகும். நாளைக்கு வராதீங்க."
கூண்டுக்குள் அவள் எழுந்து நின்றாள்.

நாலு நாளும் பெடலுக்குப் பக்கத்தில்
காலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை எனக்கு.

நேற்று நைட் ஷிப்டில் கரண்ட் போனது.
ஜெனரேட்டரில் டீசல் இல்லை.
முப்பது மிஷினும் ஒன்றாக வாயை மூட,
பக்கத்துக் கம்பெனி கேட் திறப்பது கேட்டது.
இந்த லாட் எப்போ முடியுமோ என்றது ஒரு குரல்.
யாரும் வாய் திறக்கவில்லை.

பிகாஷ்தான், சும்மா இருக்க முடியாமல்
அவன் நாக்குக்கு வந்த மாதிரி கூப்பிட்டான்:
"நாலேக்கு..."

சிமெண்டுத் தரையில் நகச் சத்தம்.
எந்தப் பக்கமிருந்து என்று தெரியவில்லை.
என் கணுக்காலில் ஈர மூக்கு ஒரு தடவை உரசி
அவனைத் தேடிப் போயிற்று.